பள்ளிகளோடும் சமூகத்தோடும் இணைந்து செயலாராய்ச்சி மேற்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர மையம் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள், கல்வியியல் துறைப் பேராசிரியர்கள் அடங்கிய கூட்டுக் குழு

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: அரசுப் பல்கலைக்கழகத்தில் செயலாராய்ச்சி மையம் நிறுவுதல் – அரசாணை பிறப்பிக்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். வகுப்பறையிலும் பள்ளியைச் சுற்றி வாழும் மக்களிடையேயும் எழும் கேள்விகளை, அவற்றை அன்றாடம் எதிர்கொள்கிறவர்களே பல்கலைக்கழகத்தின் துணையோடு ஆராய்ந்து, மாற்றம் செய்து பார்த்து, அதன் விளைவையும் தாங்களே சரிபார்க்கும் செயலாராய்ச்சிக்கென ஒரு நிரந்தர மையத்தை அரசுப் பல்கலைக்கழகத்தில் நிறுவ ஆணையிடுமாறு இம்மனுவின் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். இதில் கையொப்பமிட்டிருப்போரில் தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை பணியாற்றும் ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அங்கம் வகிக்கும் பெற்றோரும், ஆசிரியர் கல்வியில் பணிபுரிவோரும் இருக்கிறோம்.

பல்கலைக்கழக ஆய்வு பள்ளிக்குள் வருவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அனுமதிக் கடிதத்தோடு ஓர் ஆய்வாளர் வருகிறார். ஒரு பாடவேளையைக் கேட்டுப் பெறுகிறார். வினாப்பட்டியலை மாணவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்குகிறார். நன்றி சொல்லிப் புறப்படுகிறார். எங்களுள் ஒருவர் பணியாற்றிய பள்ளியில் வாசிப்புத் திறன் குறித்து ஒரு பருவம் முழுவதும் தரவு திரட்டப்பட்டது. எந்தப் பிள்ளை கூட்டெழுத்தில் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளை சரளமாக வாசித்தும் பொருள் புரியாமல் விழிக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தது. அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியருக்கு அதிலிருந்து ஒரு வரிகூட வந்து சேரவில்லை. அந்த ஆய்வாளரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க அவருக்குக் காலக்கெடு இருந்தது. பள்ளிக்குத் திரும்பி வந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அந்த விதியையும் அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பையுமே நாங்கள் வேண்டுகிறோம்.

இன்னொரு பக்கம், ஆசிரியர் பயிற்சியில் செயலாராய்ச்சி என்ற பெயரில் ஓர் ஒப்படைப்பு ஏற்கெனவே இருக்கிறது. முன்தேர்வு ஒன்று, சில நாள் சிறப்புப் பயிற்சி, பின்தேர்வு ஒன்று, சராசரி மதிப்பெண் உயர்ந்தது என்ற முடிவுரை, இவ்வளவுதான் பெரும்பாலான அறிக்கைகளின் உள்ளடக்கம். முயற்சி பலிக்கவில்லை என்று முடியும் அறிக்கையைக் காண்பது அரிது. மதிப்பெண்ணுக்காக எழுதப்படும் அறிக்கையில் தோல்வியைப் பதிவு செய்ய எவரும் துணிவதில்லை. ஆனால் எது பலிக்கவில்லை, ஏன் பலிக்கவில்லை என்பதை அறிவதற்காகத்தான் இந்த ஆய்வு முறையே தோன்றியது.

நாங்கள் சொல்ல வருவதை ஒரு வகுப்பறை நிகழ்வால் விளக்க விரும்புகிறோம். ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து பார்த்தார். அது சராசரியாக ஒரு நொடி அளவே இருந்தது. அதை 3 நொடிக்கு நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, மௌனமும் ‘தெரியாது’ என்ற பதிலும் குறைகின்றன, கேட்காமலே பேச முன்வரும் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்று அவர் கண்டார். எங்களில் பலர் பயிற்சி வகுப்புகளில் இதைக் கேட்டுக் குறிப்பெடுத்தவர்கள். எங்கள் குழுவில் உள்ள கணித ஆசிரியை ஒருவர் தம் வகுப்பைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தாம் தாராளமாக நேரம் தருவதையும், பின்வரிசையில் சிலரிடம் கேள்வி முடியும் முன்பே அடுத்த பெயரை அழைத்துவிடுவதையும் கவனித்தார். மறுவாரம் எல்லோருக்கும் மூன்று நொடி காத்திருந்தார். பின்வரிசை அப்போதும் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளையே கேட்டபோது, எல்லாக் கண்களும் தங்கள் மீது நிலைத்திருக்கும் அந்த மூன்று நொடிதான் பயமாக இருக்கிறது என்றார்கள். அதன்பின் கேள்விக்கான விடையை முதலில் அனைவரும் குறிப்பேட்டில் எழுதுவது, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவது, பிறகே பேசுவது என்று முறையை மாற்றி, மீண்டும் ஒலிப்பதிவு செய்தார். பின்வரிசையிலிருந்து குரல்கள் வரத் தொடங்கின.

உலகறிந்த ஓர் ஆய்வு முடிவு ஒரு குறிப்பிட்ட வகுப்பறையில் என்ன ஆகிறது என்பதை அந்த வகுப்பின் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கணித ஆசிரியைக்கு உதவ யாரும் இல்லை. ஒலிப்பதிவை எழுத்தாக்கவும், இன்னொரு பள்ளியில் இதே சிக்கலோடு இருக்கும் ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பேசவும், தம் கணிப்பு தவறாக இருக்கக்கூடுமா என்று கேட்டுப் பார்க்கவும் அவருக்கு ஓர் இடம் இருந்திருந்தால் அது ஒரு தனியாளின் அனுபவமாக நின்றுபோயிருக்காது.

பெற்றோர் தரப்பிலிருந்தும் இதைச் சொல்ல வேண்டும். மாணவர் வருகை ஒவ்வொரு மாதமும் விழுக்காடாகக் கணக்கிடப்பட்டு மேலே அனுப்பப்படுகிறது. அதே வருகைப் பதிவேட்டைக் கிழமை வாரியாகவும் குடும்பம் வாரியாகவும் திருப்பி அடுக்கிப் பார்த்தால், விடுப்பு எடுப்பவர்கள் யார், எந்த நாளில், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மூத்த பிள்ளைகளா, மழை நாளில் பாதை துண்டிக்கப்படும் பகுதியினரா என்பது தெரியவரும். ஆனால் அந்த அடுக்கலுக்கான காரணத்தைச் சொல்லக் கூடியவர்கள் தாய்மாரும் தந்தையரும்தான். இன்று அவர்கள் பள்ளிக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் முறையீட்டைக் கேட்டுக்கொள்ளவோ கையொப்பமிடவோதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலஸ் முதலிய பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்த பள்ளி ஆசிரியர்கள், தம் மாணவர்களின் வீடுகளுக்குக் கற்றுக்கொள்ளச் செல்பவர்களாகச் சென்று, அந்தக் குடும்பங்களின் தொழிலிலும் வாழ்க்கையிலும் பொதிந்திருக்கும் அறிவைப் பதிவு செய்து, அதைப் பாடத்திட்டத்தோடு இணைத்தனர். 1992-இல் வெளியான அந்த அனுபவம், பெற்றோரைக் குறைபாடுகளின் காரணமாகப் பார்க்கும் பார்வையை மாற்ற வல்லது என்று உறுதியாக நம்புகிறோம்.

இக்கோரிக்கைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரையில், திட்டமிடுதல், செயல்படுதல், விளைவைக் கண்டறிதல் என்று சுழன்று செல்லும் ஆய்வு முறையை விவரித்தார். அதை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஸ்டீபன் கோரி 1950-களில் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸும் அவருடைய குழுவினரும் 1970-இல் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ஒரு பயன்முறைக் கல்வி ஆய்வு மையத்தைத் தொடங்கினர். அங்கிருந்து ஜான் எலியட் 1972 முதல் 1974 வரை நடத்திய திட்டத்தில் ஏறத்தாழ 40 ஆசிரியர்கள் தம் கற்பித்தலைத் தாமே ஆராய்ந்தனர். ஒரே பாடவேளையைப் பற்றி ஆசிரியர் சொல்வதையும் மாணவர் சொல்வதையும் வெளியிலிருந்து பார்த்தவர் சொல்வதையும் அருகருகே வைத்து ஒப்பிடும் முறை அதில் பயன்படுத்தப்பட்டது. சமூகத்தின் பக்கம், கொலம்பியா நாட்டின் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா முன்னின்று 1977-இல் கார்த்தஹேனா நகரில் கூட்டிய மாநாடு, மக்கள் பங்கேற்கும் ஆய்வுக்கு உலக அளவில் ஓர் அடையாளம் தந்தது. நெதர்லாந்தில் அதே பத்தாண்டில், பொதுமக்கள் அமைப்புகள் கேட்கும் கேள்விகளை எடுத்து ஆராயும் ‘அறிவியல் கடைகள்’ பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டன. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982-இல் தொடங்கிய, பங்கேற்பு ஆய்வை முன்னெடுக்கும் பிரியா (PRIA) நிறுவனமும் இந்த வழியில் வந்ததே.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990-இல் உருவான பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதன் பணியை முழுமையான செயலாராய்ச்சி என்று சொல்ல இயலாது. ஆனால் ஒரே நகரின் பள்ளிகளோடு ஒரு பல்கலைக்கழகக் குழு ஆண்டுக்கணக்கில் விலகாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை அது காட்டியது. அங்கு நான்காண்டு உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டான ஒன்பதாம் வகுப்பின் முடிவில் போதிய பாடங்களில் தேறி, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோல்வியடையாத மாணவர், நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம் என்று 2005-இல் அக்குழு வெளியிட்டது. அதன் பயனாக, எந்தப் பிள்ளை வழுக்கத் தொடங்குகிறது என்பதை முதலாண்டிலேயே கவனித்துத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் அங்குள்ள பள்ளிகளில் வளர்ந்தது. இரண்டாண்டுத் திட்ட நிதியில் இது நடந்திருக்க வழியில்லை.

ஆகவேதான் நிரந்தர மையம் என்று வலியுறுத்துகிறோம். செயலாராய்ச்சியின் ஒரு சுற்று முடியவே பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு ஆகிறது. முதல் சுற்றில் கேள்வி தெளிவடைவதே பெரிது. அதற்குள் ஆசிரியர் மாறுதலாகிச் செல்வார், தலைமையாசிரியர் ஓய்வு பெறுவார், நிதி முடிந்துவிடும். பள்ளி மறந்தாலும் மறக்காத ஒரு நினைவகம் வேண்டும், அதைப் பல்கலைக்கழகம்தான் தர முடியும்.

இவ்வகை ஆய்வு கறாரானதன்று, ஓரிடத்து முடிவு வேறிடத்துக்குப் பொருந்தாது என்ற எதிர்ப்பு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே எழும் என்பதை அறிவோம். பேரளவிலான ஆய்வுகளின் இடத்தை இது பிடிக்கும் என்று நாங்கள் உரிமை கோரவில்லை. ஆனால் சான்றுகளைப் பலர் பார்வைக்கு வைப்பது, மாறுபட்ட விளக்கங்களைத் தேடுவது, பலிக்காத முயற்சிகளையும் வெளியிடுவது ஆகிய ஒழுங்குகள் இதற்கும் உண்டு. அவற்றைக் கட்டாயமாக்க ஒரு மையம் இல்லாததே மேலே சொன்ன ஒப்படைப்பு அறிக்கைகளின் தரம் தாழ்ந்ததற்குக் காரணம் என்பது எங்கள் கருத்து.

அரசாணையில் இடம்பெற வேண்டியவற்றுள் முதன்மையானது, மையத்தின் ஆட்சிக் குழுவில் குறைந்தது பாதி இடங்கள் பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சமூகப் பிரதிநிதிகளுக்கும் ஒதுக்கப்பட்டு, எந்தக் கேள்வியை ஆராய்வது என்ற முடிவில் அவர்களுக்குச் சம வாக்கு இருக்க வேண்டும் என்பதாகும். ஆலோசனைக் குழு என்ற பெயரில் ஆண்டுக்கொருமுறை கூடிக் கலையும் ஏற்பாடு இதற்கு ஈடாகாது. பள்ளியில் திரட்டப்படும் எந்தத் தரவின் முடிவும் அடுத்த பருவம் தொடங்குமுன் எளிய தமிழில் அப்பள்ளிக்கும் பெற்றோருக்கும் நேரில் விளக்கப்பட வேண்டும். பங்கேற்கும் ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகள் இப்பணிக்கென விடுவிக்கப்பட்டு, அந்த வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும். விடுமுறை நாளிலும் மாலை நேரத்திலும் கூடுதல் சுமையாக ஏற்றப்படும் எந்தத் திட்டமும் இரண்டாம் ஆண்டைக் காண்பதில்லை. பள்ளியோடு நாள் கணக்கில் உழைக்கும் பேராசிரியருக்கு அது பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராகக் கணக்கிடப்பட வேண்டும்.

பாதுகாப்பு குறித்து இரண்டைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் தொடர்பான எதற்கும் பெற்றோரின் எழுத்து வழி ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் பெறப்பட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு அதனால் எந்தக் குறையும் நேரக் கூடாது. அடுத்து, செயலாராய்ச்சியில் ஆசிரியர் தாமாகப் பதிவு செய்யும் குறைபாடுகள், பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலர்களின் குறிப்பிலோ, பணி மதிப்பீட்டிலோ, மாறுதலிலோ ஒருபோதும் பயன்படுத்தப்படக் கூடாது என்பது ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். இந்த உறுதி இல்லாவிட்டால் ஆசிரியர்கள் மீண்டும் சராசரி உயர்ந்த அறிக்கைகளையே எழுதுவார்கள்.

மையத்தைப் பெரிய அளவில் தொடங்க வேண்டியதில்லை. தாமாக முன்வரும் சில பள்ளிகளோடு தொடங்கி, ஐந்து ஆண்டுகளுக்கான தொடர் செலவினமாகப் பல்கலைக்கழக நிதிநிலையிலேயே ஒதுக்கீடு செய்து, மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியாரைக் கொண்டு மதிப்பிட்டால் போதும். அந்த மதிப்பீடு வெளியீடுகளின் எண்ணிக்கையைப் பாராமல், எத்தனை பள்ளிகள் இரண்டாம் சுற்றைத் தொடர்ந்தன, கேள்விகளில் எத்தனை பள்ளியிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வந்தவை, முடிவுகள் உரியவர்களிடம் உரிய காலத்தில் சேர்ந்தனவா என்பவற்றைப் பார்க்க வேண்டுகிறோம்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, மையத்தின் அமைப்பு விதிகளை வரைய உயர்கல்வித் துறை, பள்ளிக் கல்வித் துறை, பல்கலைக்கழகம், ஆசிரியர், பெற்றோர் ஆகிய ஐந்து தரப்பினரும் அடங்கிய குழுவை அமைத்திடவும், அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அரசாணை வெளியிடவும் பணிவுடன் வேண்டுகிறோம். தங்களை நேரில் சந்தித்து விளக்கமளிக்கவும், வகுப்பறைப் பதிவுகளைப் பெயர் மறைத்துக் காட்டவும் எங்கள் குழுவினர் ஆயத்தமாக உள்ளனர். அதற்கு நாளும் நேரமும் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர்–பெற்றோர்–பேராசிரியர் கூட்டுக் குழுவினர்

நகல்: பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்கள், பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்கள்.