ஆறு ஊர்கள், ஒரே ஆறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒருவர், இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவுக்கு 2022ல் 'சிட்டி' அந்தஸ்து கிடைக்காமல் போனதைக் குறிப்பிட்டு, தொழிற்சாலையைச் சுற்றி வீடு கட்டிவிட்டால் அது நகரமாகிவிடுமா என்று கேட்டிருந்தார். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு பக்கத்திலேயே, ஸ்டாக்டனில். அவருடைய கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். பிரிட்டனில் ஓர் ஊர் டவுனா சிட்டியா என்பதை மக்கள்தொகையை வைத்து முடிவு செய்வதில்லை. அரசாங்கம் பரிந்துரைத்து, அரசரோ அரசியோ பட்டயம் கொடுத்தால்தான் சிட்டி. நம் ஊரில் நகராட்சியை மாநகராட்சியாகத் தரம் உயர்த்தும்போது வருவதுபோல இதோடு கூடுதல் அதிகாரமோ தனி நிதியோ வராது. கௌரவம் மட்டும்தான். வேல்ஸில் செயின்ட் டேவிட்ஸ் என்ற இடத்தில் 2,000 பேர்கூட இல்லை, அது சிட்டி. மிடில்ஸ்பரோவில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 1,44,000 பேர், அது டவுன். பேராலயம் இருந்தால்தான் சிட்டி என்று இங்கே இன்றும் பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் அந்த வழக்கம் 1889ல் பர்மிங்காமுக்குப் பட்டம் கொடுத்தபோதே உடைந்துவிட்டது. அப்போது அங்கே ஆங்கிலிகன் பேராலயம் கிடையாது. பட்டறைகளும் ஆலைகளும்தான் அந்த ஊருக்குப் பட்டத்தை வாங்கித் தந்தன.

இப்போது மிடில்ஸ்பரோவுக்கு வருகிறேன். 1801ல் அந்த இடம் ஒரு பண்ணை. மொத்தம் 25 பேர் இருந்தார்கள். 1829ல் ஜோசப் பீஸ் என்பவரும் கூட்டாளிகளும் அங்கே 500 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். ரயிலில் வரும் நிலக்கரியைக் கப்பலேற்ற அவர்களுக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. 1850ல் பக்கத்து ஈஸ்டன் குன்றுகளில் இரும்புக்கல் கிடைத்ததும் எல்லாம் மாறியது. வரிசை வரிசையாக உலைகள் எழுந்தன. 1862ல் அங்கே வந்த கிளாட்ஸ்டன் (அப்போது அவர் நிதியமைச்சர்) அந்த ஊரைக் 'குழந்தை ஹெர்குலிஸ்' என்று அழைத்தார். 1901ல் மக்கள்தொகை 90,000த்தைத் தாண்டியிருந்தது. நூறே வருடம்! 1932ல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியது இந்த ஊரின் டார்மன் லாங் நிறுவனம். அந்தப் பாலத்தின் எஃகில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கப்பலேறியது. உலகத்தின் மறுகோடியில் ஒரு மாநகரத்துக்கு அடையாளச் சின்னம் செய்து கொடுத்த ஊரை, நீ நகரமா என்று கேட்கும்போது வலிக்கிறது. கோட்டையும் கோபுரமும் மட்டும்தான் வரலாறா? உலை முன்னால் மூன்று தலைமுறை நின்று வெந்ததும் வரலாறுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மிடில்ஸ்பரோ கவுன்சிலோடும் நான் ஒத்துப்போகவில்லை. 2012லும் 2022லும் அது தனியாகப் போய் விண்ணப்பித்தது, இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியது. தனியாகக் கேட்டதுதான் தவறு என்பது என் கருத்து. இங்கே வாழ்கிறவர்களுக்கு நகரம் என்பது மிடில்ஸ்பரோ மட்டுமல்ல. ஸ்டாக்டன், தார்னபி, பில்லிங்கம், ஈஸ்டன், ரெட்கார் எல்லாம் சேர்ந்ததுதான். தார்னபியிலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு பஸ்ஸில் போனால் எல்லைப் பலகையைப் பார்த்தால்தான் எல்லை தெரியும். டீஸ் ஆற்றை ஒட்டிய இந்த முழுப் பகுதிக்கும் டீஸைடு என்று பெயர். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தொடர் நகர்ப்பகுதியில் சுமார் 3,76,000 பேர் இருந்தார்கள். பல்கலைக்கழகம், விமான நிலையம், நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் டீஸைடு என்றுதான் பெயர். அந்தப் பெயரில் ஒரு கவுன்சில் மட்டும் இல்லை.

முன்பு இருந்தது. 1968ல் நான் மேலே சொன்ன ஆறு ஊர்களையும் இணைத்து டீஸைடு என்றே ஒரு நிர்வாகம் அமைத்தார்கள். 1974ல் உள்ளாட்சிகளை மாற்றியமைத்தபோது அதைக் கலைத்துவிட்டார்கள். ஆறே வருடம்தான் நீடித்தது. வேர் பிடிக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பீங்கான் தொழிலால் பேர்பெற்ற பகுதி. அங்கேயும் ஆறு ஊர்கள்: டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். ஒன்றோடு ஒன்று போட்டி போட்டுக்கொண்டிருந்த அவை 1910ல் ஒரே நிர்வாகமாயின. சிட்டி அந்தஸ்து கேட்டபோது, மூன்று லட்சம் பேர் இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வரைக்கும் கோரிக்கை போனது, 1925ல் கிடைத்தது. அதன் பிறகு எந்த ஊர் அழிந்தது? இன்றும் அங்கே உள்ளவர்கள் பர்ஸ்லம் என்றும் லாங்டன் என்றும்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

எதிர்ப்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டாக்டன், மிடில்ஸ்பரோ பண்ணையாக இருந்த காலத்திலேயே சந்தை கூடிய ஊர். 1825ல் டார்லிங்டனிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான். நேற்று முளைத்த ஊருக்குக் கீழே நாங்கள் எதற்குப் போக வேண்டும் என்று இங்கே கேட்பவர்கள் உண்டு. ரெட்காரில் கேட்டால், நம் வரிப்பணமெல்லாம் அங்கே போய்விடும் என்பார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அதனால்தான் மிடில்ஸ்பரோ என்ற பெயரில் வேண்டாம், ஆற்றின் பெயரில் கேட்கலாம் என்கிறேன். டீஸ் ஆறு எந்த ஒரு ஊருக்கும் சொந்தமில்லை.

2022 நவம்பரில் ரெட்கார் ஊதுலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உருக்காலை 2015லேயே மூடப்பட்டுவிட்டது. 2,000 பேருக்கு மேல் வேலையிழந்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த உலையில் பல வருடம் வேலை செய்தவர். தகர்க்கும் அன்று காலை, என்னைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். காரில் போய் தூரத்தில் நின்றோம். ஒரு பெரிய சத்தம், அப்புறம் தூசி. தூசி அடங்கியபோது வானத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. திரும்பி வரும் வழியில் அவர் உலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னோடு ஷிஃப்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவன் ஸ்டாக்டன், இரண்டு பேர் ஈஸ்டன், ஃபோர்மேன் தார்னபி, டீ போடுகிறவன் பில்லிங்கம். வீட்டு வாசலில் இறங்கும்வரை அந்தப் பட்டியல் முடியவில்லை. நிர்வாகங்கள் ஆறு வருடத்தில் கலைத்ததை அந்த உலை 2015 வரைக்கும் சேர்த்து வைத்திருந்தது. இப்போது உலை இல்லை. இந்த மக்களைச் சேர்த்து வைக்க வேறு ஏதாவது வேண்டும் என்று அன்றுதான் எனக்கு அழுத்தமாகத் தோன்றியது.

பட்டம் வந்தால் வேலை வருமா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மூடிய ஆலைகளின் பெயரால் மட்டுமே அறியப்படும் ஓர் இடத்தில் வளரும் பிள்ளைகளுக்கு, நீங்களும் ஒரு நகரத்தின் பிள்ளைகள் என்று நாடு வாய்விட்டுச் சொல்வது சின்ன விஷயமல்ல. சண்டர்லாண்டுக்கு 1992லும், வுல்வர்ஹாம்ப்டனுக்கு 2000லும், நியூபோர்ட்டுக்கு 2002லும் சொன்னார்கள். கப்பல், இரும்பு, எஃகு என்று உழைத்த ஊர்கள்தானே அவையும். 2022ல் சுரங்கமும் ரயில் பட்டறையும் வளர்த்த டான்காஸ்டருக்குக் கிடைத்தது. அதுவும் முன்பு கேட்டுக் கிடைக்காமல், மறுபடி கேட்டு வாங்கியதுதான்.

1911ல் கட்டிய டிரான்ஸ்போர்ட்டர் பாலம் இங்கே இருக்கிறது. உயரமான இரும்புச் சட்டத்திலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு தொட்டில், ஒன்பது கார்களையும் 200 ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒன்றரை நிமிடத்தில் ஆற்றைக் கடக்கும். பாலத்தின் ஒரு கால் மிடில்ஸ்பரோ எல்லையில், மறு கால் ஸ்டாக்டன் எல்லையில். இரண்டு கவுன்சில்களுக்கும் பொதுச் சொத்து. பாதுகாப்பு காரணத்தால் 2019ல் அதை நிறுத்திவிட்டார்கள். சிட்டி அந்தஸ்துக்கு ஊர்கள் விண்ணப்பிக்கும் போட்டிகள் பெரும்பாலும் அரச குடும்பத்து விழாவை ஒட்டித்தான் வரும், அடுத்தது வர வருடங்கள் ஆகலாம். அதற்குள் கரையின் இரண்டு பக்கத்துக் கவுன்சில்களும் ரெட்காரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் கூட்டத்தில் அந்தத் தொட்டிலை மறுபடி ஓடவைப்பது பற்றி மட்டும் பேசினால்கூடப் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்டாக்டன்-ஆன்-டீஸ், இங்கிலாந்து