நாம்பனுக்கு இறுங்கு போடுற கதை

மச்சான்,

உன்ட கடிதம் கிடைச்சு கன நாளாயிற்று, வெள்ளாமை வெட்டு முடியிறவரைக்கும் பேனை பிடிக்க நேரமில்ல. எல்லாரும் சுகம், மகள் கெம்பஸ் போயிட்டாள், வீடு வெறிச்செண்டு கிடக்கு.

நாம்பனுக்கு, அதான் இளம் காளை மாட்டுக்கு, தீனியா இறுங்கு (sorghum) போடப் போறன் எண்டு எழுதியிருந்தாய், அந்த விசயத்துக்கு வாறன். பெரும்போகம் விதைச்சா மாட்டை வயல் பக்கம் விடேலாது, எங்கட படுவான்கரைப் பட்டியெல்லாம் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்குத்தான் போகும், அங்க இருக்கிற காணிப் பிரச்சினை உனக்கும் தெரியும்தானே. அதால சிறுபோகத்தில தண்ணி காணாத மேட்டுக்காணியில இறுங்கு போட்டு, கதிரும் தண்டுமா முழுசா வெட்டி சைலேஜ் (காத்துப் புகாம மூடிப் புளிக்க வைக்கிற பச்சைத் தீனி) அடிச்சு வைக்கிறது நல்ல யோசனைதான். சோளன் சைலேஜை விட சத்து கொஞ்சம் குறைவு, ஆனா காய்ஞ்ச வருசத்தில சோளன் கருகிடும், இது இலையச் சுருட்டிக்கிட்டு மழைய பாத்துக் கிடக்கும்.

எப்ப வெட்டுறது எண்டதிலதான் கன பேர் பிழை விடுறாங்க. கதிர் நல்லா முத்தட்டும் எண்டு விட்டா மணி கல்லாகிடும், மாடு திண்டு அப்படியே சாணியில போடும், கோழிதான் வந்து கிளறிப் பொறுக்கும். மணியை நகத்தால நசுக்கிப் பார், பால் தெறிச்சா பொறு, பிசைஞ்ச மா மாதிரி வந்தா உடன மெசினைக் கூப்பிடு. உலர்பொருள், அதான் தண்ணி போக மிஞ்சுறது, 30–35 வீதம் இருக்கணும், அதுக்கு வெட்டினதில ஒரு பிடிய இறுக்கிப் பிழி, தண்ணி சொட்டினா ஈரம் கூட, கைய விரிச்ச உடன உதிர்ந்தா காய்ஞ்சிட்டு, மெதுவா விரிஞ்சா சரி. காத்து நிக்காம நல்லா மிதிச்சு பொலித்தீனால மூடு, மூணு கிழமைக்கு முதல் திறக்காத. புரதம் 7–9 வீதம்தான், கிளிசரியா இலையோ புண்ணாக்கோ சேர்க்காம வளருற நாம்பனுக்குச் சதை பிடிக்காது.

குருவிக்குப் பயந்து மண்ணிற மணி ரகம் போடப் போறன் எண்டு எழுதியிருந்தாய். அதில டனின் எண்ட துவர்ப்புச் சத்து கூடுதல் மச்சான், குருவி விடும்தான், மாட்டுக்கும் புரதம் சரியாச் செமிக்காது.

மறுகா, வெட்டின அடியில துளிர்க்கிற குருத்துக்கு மாட்டை அவிட்டு விட்டுறாத. ரெண்டு அடிக்குக் கீழ நிக்கிற இளம் பயிரில, அதுவும் வாடி மழைக்குத் துளிர்த்ததில, சயனைட் நஞ்சு இருக்கும், மூச்சு வாங்கி நுரை தள்ளி விழுந்தா மிருக வைத்தியர் வந்து சேர முதல் முடிஞ்சிரும். சைலேஜ் ஆக்கினா அது கன அளவு குறையும்.

விதை வாங்க முதல் கோல் எடு. கொக்கட்டிச்சோலையில வெட்டுற மெசின் வாடகைக்கு விடுற பொடியன் ஒருத்தன் இருக்கான், திருக்கோவில் வரைக்கும் வருவானோ, டீசலுக்கு என்ன கேப்பான் எண்டு கேட்டு வைக்கிறன்.

உன்ட கூட்டாளி