மில்ஃபோர்ட் சவுண்ட் வர்றவங்க கவனத்துக்கு

மக்களே, சனிக்கிழமை நியூசிலாந்து மில்ஃபோர்ட் சவுண்ட் (மலைகளுக்கு நடுவுல கடல் உள்ள வர்ற இடம்) ட்ரிப் கன்ஃபார்ம். தே அனா ஊர்லேர்ந்து கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர், அங்கயே டேங்க் ஃபுல் பண்ணிடுங்க, வழியில பெட்ரோல் பங்க்கும் இல்ல, ஃபோன் சிக்னலும் இல்ல, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. மழை பெய்யுமானு கேக்காதீங்க, வருஷத்துக்கு 6 மீட்டருக்கு மேல கொட்டுற இடம்ப்பா அது! ஆனா பெஞ்சாத்தான் அழகே, பாறை முழுக்க திடீர் அருவியா எறங்கும். அங்க மலையில மண்ணே கம்மி, பாசியையும் பக்கத்து மர வேரையும் புடிச்சுக்கிட்டுதான் காடே நிக்குது, ஒரு மரம் சரிஞ்சா பக்கத்துல இருக்கறதையும் இழுத்துட்டு கடலுக்குள்ள போயிடும். சாண்ட்ஃப்ளைக்கு (கடிக்கிற குட்டி ஈ) க்ரீம் கட்டாயம் (போன தடவ என் கணுக்கால் பட்ட பாடு இருக்கே). வழியில வர்ற ஹோமர் டன்னல் பக்கம் கியா கிளி வரும், தீனி போடாதீங்க, கார் ரப்பரயே பிச்சு எடுத்துரும். படகு டைம் நைட் போடுறேன்.