ரொறன்ரோ நண்பனுக்கு, குளிர்கால டயர்களைப் பற்றி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதிய வீடு, பிள்ளைகளின் படிப்பு, உன் முழங்கால் வலி ஆகியவற்றைப் பற்றி என் மனைவி உன் மனைவியோடு தொலைபேசியில் கதைத்துவிட்டதால், இந்தக் கடிதத்தை நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த கேள்விக்கே ஒதுக்குகிறேன். காரோடு வந்த, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கப்படும் 'ஓல் சீசன்' டயர்கள் தேயாமல் நல்ல நிலையில் இருக்கும்போது, நான்கு குளிர்கால டயர்களுக்கு வேறாகப் பணம் கொட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். பனி கொட்டுவதைக் கண்ணாலும் கண்டிராதவனிடம் இதைக் கேட்கிறேனே என்று நீயே கிண்டலும் செய்திருக்கிறாய். கிண்டல் இருக்கட்டும். குளிர்கால டயர் என்றால் என்ன என்பதை, அது ஓடவே கூடாத ஓர் ஊரில் ஓடுவதைப் பார்த்தவன் நான்.

இங்கே ஓடுகிற சிறிய கார்களில் பல யப்பானில் பாவித்துவிட்டுக் கப்பலேறி வந்தவை என்பது உனக்குத் தெரியும். ஹொக்கைடோ போன்ற குளிர்ப் பகுதிகளிலிருந்து வருபவற்றுட் சில, அங்கே போட்டிருந்த 'ஸ்டட்லெஸ்' எனப்படும் ஆணியில்லாத குளிர்கால டயர்களோடு அப்படியே வந்து இறங்கிவிடுகின்றன. என் தம்பி வாங்கிய காரும் அப்படி வந்ததுதான். டயர்கள் புதியவை போலவே இருக்கின்றன என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். டயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளங்களின் ஆழத்தைப் பார்த்தால் அது பொய்யுமில்லை. ஆனால் கட்டைவிரல் நகத்தால் அழுத்தியபோது இறப்பர் அழிறப்பரைப் போல உள்ளே போனது. பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு இறப்பர்க் கட்டையின் மேலும் வளைந்து வளைந்து ஓடும் மயிரிழை வெட்டுகள் பல இருந்தன. விரலால் தள்ளினால் அவை விரிந்து மூடின. பக்கவாட்டில் யப்பானிய எழுத்துகளுக்கு அருகே, மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்த சின்னமும் இருந்தது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கந்தளாய் வீதி எப்படிக் கொதிக்கும் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். தாரின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசையும் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தம்பியின் காரை ஓட்டினால், ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் சற்று யோசித்துவிட்டுத் திரும்புவது போல ஒரு தளர்வு தெரிந்தது. வேகத்தில் பிறேக் பிடித்தால் கட்டைகள் நெளிவதை இருக்கையிலேயே உணர முடிந்தது. ஹபரணைப் பக்கம் யானை குறுக்கிடும் வீதியில் அந்தத் தளர்வு சிறிய விடயமல்ல. மாரி வந்தபோது நிலை இன்னும் மோசமானது. பனியில் நனையும் காலத்துக்கென்று செய்த டயர் நம் மழையிலாவது நன்றாக நிற்கும் என்று தம்பி நம்பியிருந்தான். ஆனால் சூடு குறையாத ஈரத் தாரில் அந்த மென்மையான இறப்பருக்குப் பிடி போதவில்லை. ஒரு வெயில் காலம் முடிவதற்குள் ஓரக் கட்டைகள் தேய்ந்து கிழிந்திருந்தன. நகரத்து டயர் கடைக்காரர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது பனிநாட்டுச் சாமான் ஐயா, இங்கே கரைந்து போகும்” என்றார். தம்பி நான்கையும் மாற்றினான்.

இதைத் தலைகீழாக்கிப் பார்த்தால் உன் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. சித்திரையில் இங்கே தண்ணீராக ஓடும் தேங்காய் எண்ணெய், மார்கழியில் உன் சமையலறைப் போத்தலில் கல்லாக இறுகிக் கிடக்கிறதல்லவா? இறப்பரின் குணமும் ஏறக்குறைய அதுதான். டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாக 7 பாகை செல்சியசை எல்லையாகச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே போகப் போகச் சாதாரண டயரின் இறப்பர் விறைத்து, வீதியின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவையோ அந்தக் குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கிறது. மயிரிழை வெட்டுகள் ஒவ்வொன்றும் பனியைக் கடிக்கும் ஒரு விளிம்பு. ஆகவே பள்ளம் ஆழமாக இருப்பதை மட்டும் வைத்து உன் இப்போதைய டயர் நல்ல நிலையில் இருப்பதாக எண்ணாதே. காய்ந்த வீதியில், பனியும் ஐஸும் இல்லாத நாளில், நீ இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டைக் காணப்போவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பணம் கொடுப்பது அந்த நாட்களுக்காக அல்லவே.

சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக்கை மிதித்தும், கார் நிற்காமல் மெதுவாக வழுக்கிச் சந்திக்குள் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். வெளியே பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே மட்டுமே குளிர் இருந்த அந்த நாளில் ஏன் இப்படி நடந்தது என்று வியந்திருக்கிறாய். வியப்பதற்கு எதுவுமில்லை. கடுங்குளிரில் ஐஸ் ஓரளவு காய்ந்து இறுகியிருக்கும். பூச்சியத்தை நெருங்கும்போதுதான் அதன் மேல் ஈரப் படலம் சேர்ந்து மிக மோசமாக வழுக்கும். 'ஏபிஎஸ்' என்ற பிறேக் அமைப்பு சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும். இல்லாத பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்? உன் காரின் நான்கு சில்லு இழுவையைப் புகழ்ந்த விற்பனையாளரின் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பனியிலிருந்து கிளம்புவதற்கு அது உதவும். நிற்க வேண்டிய இடத்தில் நான்கு சில்லு காரும் இரண்டு சில்லு காரும் டயரை நம்பித்தான் இருக்கின்றன.

நம் வகுப்பு நண்பர்கள் குளிர் நாடெங்கும் சிதறிக் கிடப்பதால் அவர்களிடமும் விசாரித்தேன். மொன்றியலில் இருப்பவனுக்கு இந்த யோசனையே தேவைப்படவில்லை. அவன் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஜேர்மனியில் தேதி கணக்கு இல்லை. வீதி பனியாகவோ ஐஸாகவோ இருந்தால் அதற்குரிய டயர் இருக்க வேண்டும், அதிலும் 2024 ஒக்டோபர் முதல் சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் 'எம்+எஸ்' (M+S) என்ற எழுத்துகள் மட்டும் போதாது, நான் மேலே சொன்ன மலைச் சின்னம் வேண்டும். காரணம் நியாயமானது: 'எம்+எஸ்' என்பது பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளர் தாமே பொறித்துக்கொள்வது, மலைச் சின்னமோ பனியில் சோதித்துப் பெறுவது. உன் டயரிலும் 'எம்+எஸ்' இருக்கும், அதைக் காட்டி உன்னை ஆறுதல்படுத்துவார்கள், ஏமாறாதே. ஒஸ்லோவில் இருப்பவன் ஆணி வைத்த டயரைப் புகழ்ந்து தள்ளுகிறான், ஆனால் நகரத்துக்குள் அதற்குக் கட்டணம் கட்டுகிறான். ஆணிகள் தாரைச் சுரண்டித் தூசியைக் கிளப்புகின்றன. அந்தத் தூசியின் தொல்லையால்தான் யப்பானில் 1990இல் சட்டம் போட்டு ஆணி டயரை ஒதுக்கினார்கள். தம்பியின் காரில் வந்த வகை அங்கே பரவியதற்கும் அதுவே காரணம். தெற்கு ஒன்ராறியோவில் ஆணி டயரைப் பற்றி நீ நினைக்கவே வேண்டாம்.

உன் மாகாணத்தில் கட்டாயமில்லை. ஆயினும் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. தொகை பெரிதாக இராது, ஆனாலும் கேட்டு வாங்கு. அத்துடன், நான்கு டயர்கள் பாவனையில் இருக்கும்போது மற்ற நான்கும் தேயாமல் ஓய்வெடுக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால் செலவு நீ பயப்படும் அளவுக்கு இல்லை. ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய, மலைச் சின்னமும் பெற்ற 'ஓல் வெதர்' டயர்களும் இருக்கின்றன. நகருக்குள் மட்டும் ஓடுபவனுக்கு அவை போதும். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும் உனக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் போட்டு மிச்சம் பிடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. முன்பக்கம் பற்ற, பின்பக்கம் பற்றாமல் போனால், வளைவில் காரின் வால் சுழன்று முன்னே வந்துவிடும். பாவித்த டயர் மலிவாகக் கிடைத்தால், பக்கவாட்டில் 'டொட்' (DOT) எழுத்துகளின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்: 3821 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 38ஆவது கிழமையில் செய்தது. வயதேறிய குளிர்கால டயர், பள்ளம் எவ்வளவு இருந்தாலும், இறுகிப் போயிருக்கும். சித்திரை பிறந்ததும் மறக்காமல் கழற்று. இல்லாவிட்டால் தம்பியின் டயருக்கு நடந்ததை நீ அங்கே பார்ப்பாய். காற்றும் குளிரில் சுருங்கும், ஏறத்தாழ 5, 6 பாகை இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவு குறையும். அதனால் குளிர் கூடும்போதெல்லாம் காற்றுப் பார்.

கடைக்காரர் சொன்ன விலையில் ரிம்மும் சேர்ந்திருக்கிறதா என்று நீ எழுதவில்லை. சேர்ந்திராவிட்டால் சாதாரண இரும்பு ரிம் நான்கு தனியாக வாங்கிவிடு. வீதியில் கொட்டும் உப்பில் கறல் பிடித்தாலும் கவலையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை டயரை ரிம்மிலிருந்து பிடுங்கி மாட்டும் கூலியும் சேதமும் மிச்சம். சில்லு மாற்றி ஓர் ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் கராஜுக்குத் திரும்பப் போய் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல். எந்த வகை வாங்கினாய், என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று எழுது. தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்.