தோற்கடிச்சுட்டுப் போன தம்பிக்கும் மத்த எல்லாருக்கும்

அக்குள் பக்கம் தீக்காயம் ஆன எங்க பாப்பா நேத்து கைய தலைக்கு மேல தூக்கிட்டா. முழுசா, முழங்கை காதுல உரசற அளவுக்கு. என்ன நடந்துச்சு எப்படி நடந்துச்சுனு உங்க எல்லாருக்கும் தெரியும், அத மறுபடி எழுதற தெம்பு எனக்கு இல்ல, நன்றி மட்டும் சொல்லிடறேன்.

முதல் நன்றி ஒரு பையனுக்கு. பேர் கேட்டேன், சொன்னான், ஆனா எங்கயும் போட்டுடாதீங்க ஆன்ட்டினு சொல்லிட்டான், அதனால தம்பினே சொல்றேன்.

அக்குள் பக்கம் தீக்காயம் ஆன பிள்ளைங்க கைய உடம்போட ஒட்டியே வெச்சுக்குவாங்க, அப்படி வெச்சாதான் வலி கம்மி. ஆனா தழும்பு சும்மா இருக்காது, அந்த நிலையிலயே சுருங்கி இறுகிடும், அப்புறம் கை மேல போகாது, மறுபடி ஆபரேஷன்தான். அதனால வலிச்சாலும் தினமும் நீட்டணும். சின்னப் பிள்ளைகிட்ட இத சொல்லிப் புரியவைக்கறது இருக்கே, பெத்தவங்களுக்குத்தான் தெரியும். பிசியோ மேடம் ரூமுக்குள்ள வந்தாலே பாப்பா போர்வைக்குள்ள போயிடுவா.

பிசியோ ரூம்ல டிவி மேல ஒரு பழைய கினெக்ட் இருந்துச்சு, எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேமோட வர்ற கேமரா அது. ரிமோட் எல்லாம் கிடையாது, கேமரா நம்ம உடம்பையே பாத்துக்கும், கட்டு போட்ட கையால எதையும் பிடிக்க வேண்டாம், நாலு பிள்ளைங்க தொட்டத தொட வேண்டாம். ஸ்கிரீன்ல பலூன் வரும், கைய நீட்டி உடைக்கணும், கை தேறத் தேற மேடம் பலூன மேல மேல ஏத்துவாங்க. பாப்பா விளையாடினா, ஆனா தோள் உயரம் வரைக்கும்தான், அதுக்கு மேல வந்த பலூன் எல்லாம் அவளுக்கு வேண்டாம். நான், அவ அப்பா, சிஸ்டருங்க எல்லாரும் அவகிட்ட தோத்துட்டே இருந்தோம். அவளுக்கும் அது தெரியும்னு நினைக்கறேன்.

அன்னிக்கு அந்தத் தம்பி பிரஷர் கார்மென்ட்டுக்கு, அதாவது தழும்ப அழுத்தி வெக்கற இறுக்கமான துணிக்கு, அளவு குடுக்க வந்திருந்தான், முழங்கை வரைக்கும் இறுக்கமா ஒரு கிளவுஸ். பாப்பா அந்தக் கிளவுஸையே பாத்துட்டிருந்தா. ஒரு ஆட்டம் போடலாமானு கேட்டான், இவ தலையாட்டினா, ஆடினாங்க, படுதோல்வி. கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கல! மேல வந்த பலூன் பூரா அவனே உடைச்சுட்டான். பாப்பா ஓன்னு அழுதா, எனக்கு அந்த நிமிஷம் அவன் மேல கோவம்தான் வந்துச்சு. அவன் அசரல. அழுதுட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்னான். அளவு எடுக்கறவர் கூப்பிட்டாரு, அடுத்தவங்கள பாருங்க அண்ணே நான் அப்புறம் வரேன்னு சொல்லிட்டு சேர்லயே உக்காந்துட்டான்.

ரெண்டாவது ஆட்டத்துல பாப்பா கைய தூக்காம இடுப்ப சாய்ச்சு சாய்ச்சு மேல இருந்த பலூன உடைச்சா, கேமராவுக்கு என்ன தெரியும், பாயின்ட் குடுத்துடுச்சு. மேடம் வந்து விலாப் பக்கம் கைய வெச்சு நேரா நிக்க வெச்சாங்க. அதுக்கு அவன் சொன்னான், "நானும் இப்படித்தான் ஏமாத்துவேன், பாயின்ட் வரும், கை வராது." அவ்வளவுதான். அவளுக்கு வந்த கோவத்துல கை தோளத் தாண்டிப் போச்சு, வலிக்குதுனு கத்திக்கிட்டேதான் போச்சு, ஆனா போச்சு. அந்த ஆட்டத்துலயும் அவன்தான் ஜெயிச்சான். அன்னிலேருந்து மேடம் வந்தா இவ முதல்ல கேக்கறது அந்த அண்ணன் வந்தானானுதான்.

அப்புறம் தேடிப் படிச்சேன். பல வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவுல, சியாட்டில்ல, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க தீக்காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாத்தும்போது வலி தெரியாம இருக்க கண்ணுல மாட்டிக்கிட்டு ஆடற, பனிப்பந்து எறியற ஒரு விஆர் கேம் உருவாக்கியிருக்காங்க. வலிய உணர்றதுக்கும் கவனம் வேணும், அந்தக் கவனத்த கேம் பிடுங்கிக்குதுங்கறதுதான் கணக்கு. அது சரிதான், ஆனா எங்க வீட்டு விஷயத்துல பாதி வேலைய ரோஷம் பண்ணுச்சு. மேடம் ஒண்ணு கறாரா சொல்லிட்டாங்க, கேம் ஆடினோம்னு ஸ்ட்ரெட்ச்சிங்கையும், கைய விரிச்ச நிலையில பிடிச்சு வெக்கற ராத்திரி ஸ்பிளின்ட்டையும் விட்டுடக் கூடாதுனு.

மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுனு தெரியல, அவ உங்கள திட்டினதெல்லாம் சேத்து மன்னிச்சுக்கோங்க. பிசியோவுக்கு அரை மணி நேரம் முன்னாடி வலி மாத்திரைய ஞாபகமா குடுத்த சிஸ்டருங்களுக்கு, கார்மென்ட் அளவ முகம் சுளிக்காம திரும்பத் திரும்ப எடுத்தவருக்கு, ரத்தம் குடுத்தவங்களுக்கு, வீட்டுப்பாடத்த போட்டோ எடுத்து அனுப்பின டீச்சருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் போட்டாலும் பதில் போட்ட உங்க எல்லாருக்கும் நன்றி.

இன்னும் முடியல. தழும்பு அடங்க ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகலாம், அதுவரைக்கும் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் கார்மென்ட், மசாஜ், அரிப்பு எல்லாம் இருக்கு. ரிவ்யூக்குப் போற நாள்ல ஒரு மணி நேரம் முன்னாடியே போய் புதுசா வந்த பிள்ளைங்களோட இவள ஆட விடறதா இருக்கேன். விட்டுக்கொடுக்க மாட்டாளாம், இப்பவே சொல்லிட்டா.

ஒரு உதவியும் கேட்டுக்கறேன். கினெக்ட்டு தயாரிக்கறத 2017லயே நிறுத்திட்டாங்க, கெட்டுப்போனா மாத்த பழசுதான் தேடணும். உங்க வீட்டு அலமாரியில ஒண்ணு சும்மா கிடந்தா பக்கத்துல தீக்காய வார்டு இருக்கற ஆஸ்பத்திரி பிசியோகிட்ட வேணுமானு கேட்டுப் பாருங்க. எந்தப் பிள்ளைக்கு எந்த கேம் ஆகும்னு அவங்கதான் சொல்லணும், புதுசா தோல் எடுத்து ஒட்டின (கிராஃப்ட் வெச்ச) பிள்ளைக்கு குதிக்கற கேம் எல்லாம் ஆகாது. குடுக்கும்போது அடாப்டரையும் சேத்துக் குடுங்க, அது தனியா கிடைக்கறது ரொம்பக் கஷ்டம்.