இரண்டாவது ஸ்டூடியோ இருக்கட்டும், முதலில் எர்த் போடுங்கள்

கல்லூரிச் சமுதாய வானொலியின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஐப்பசி இடியில் டிரான்ஸ்மிட்டர் (ஒலியை ரேடியோ அலையாக அனுப்பும் பெட்டி) போனதும், 17 நாள் நிலையம் ஊமையாகக் கிடந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. பழுது பார்த்த பெட்டி திரும்பி வந்த அதே வாரத்தில் ஒப்புதல் கிடைத்திருப்பது இரண்டாவது ஸ்டூடியோவுக்கு: கண்ணாடித் தடுப்பு, ஏசி, 16 சேனல் மிக்ஸர், நான்கு கண்டென்சர் மைக். ஆன்டெனா கோபுரத்தின் எர்த்துக்கு (இடி மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்புக்கு) நாங்கள் கொடுத்த மதிப்பீடு மட்டும் ‘அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்’ என்ற குறிப்போடு திரும்பியிருக்கிறது. கோடை இடி நிதியாண்டு பார்த்து இறங்குவதில்லை, ஐயா.

‘இடி விழுந்தால் யார் என்ன செய்ய முடியும்’ என்று கூட்டத்தில் பேசப்பட்டதாம். நிறையவே செய்ய முடியும். இப்போது கோபுரத்துக்கு ஒரு எர்த் குழி, கட்டடத்துக்கு வேறொரு குழி. தரைக்கடியில் இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பக்கத்துத் தென்னையில் இடி இறங்கினாலே கோபுரத்தடி மண்ணின் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். கட்டடத்துப் பக்கம் அந்த அளவுக்கு ஏறாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒரே செம்பு, ஆன்டெனா கேபிளின் வெளிப்புறச் செம்புப் பின்னல். ஆகவே மின்சாரம் அதைப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டருக்குள் நுழைந்து, மறுபக்கம் பிளக்கின் எர்த் பின் வழியாக வெளியேறுகிறது. வழியில் நிற்கும் பவர் சப்ளையும் டிரான்சிஸ்டரும் கருகாமல் என்ன செய்யும்? பழுது பார்த்து வந்த பெட்டியும் அதே இடத்தில், அதே கேபிளில்தான் மாட்டப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கோபுரத்தின் காலைச் சுற்றி மூன்று குழி. அவற்றை 25-க்கு 3 மி.மீ. செம்புப் பட்டையால் இணைத்து, அதே பட்டையைக் கட்டட எர்த்தோடும் சேர்க்க வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோஆக்ஸியல் சர்ஜ் அரெஸ்டர், அதாவது கேபிள் வழியே வரும் இடி மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. மெயின் போர்டில், கரண்ட் கம்பி வழியே வருவதைத் தடுக்க அதேபோல ஒரு எஸ்பிடி. முடித்த பிறகு எர்த் டெஸ்டரை வைத்தால் மண்ணின் மின்தடை 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். இன்றைக்கு 23 காட்டுகிறது. ‘எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டோமே’ என்பீர்கள். உப்பு நாலு மழையில் கரைந்து போகும், போகிற போக்கில் இரும்புக் குழாயையும் அரித்துவிட்டுப் போகும். வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்காத குழி வெறும் குழிதான்.

கோபுரத்தில் ஆள் ஏறும்போதே கேபிளையும் மாற்றிவிடலாம். இப்போது தொங்குவது 40 மீட்டர் ஆர்ஜி-213 ரகக் கேபிள். நம் 90 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த நீளத்துக்கு ஏறத்தாழ பாதி சக்தி கேபிளிலேயே சூடாகிப் போகிறது. 50 வாட் டிரான்ஸ்மிட்டர் என்று சுவரில் எழுதியிருக்கிறோம். ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 27, 28 வாட். உள்ளே நுரை நிரப்பிய அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் 40 வாட்டுக்கு மேல் போகும். கனெக்டரில் சுற்ற வேண்டியது தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். வயரிங் கடையின் கறுப்பு டேப் ஒரு கோடை வெயிலில் பிரிந்துவிடும், தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் எதிர்ச்சக்தி ஏறும், டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். ‘கார்த்திகையில் உங்கள் ரேடியோ சரியாக எடுப்பதில்லையே’ என்று கடைத்தெருவில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கண்டென்சர் மைக் பற்றியும் ஒரு வார்த்தை. எதிரொலி அடக்காத அறையில் அது பேசுகிறவர் குரலோடு ஏசி உறுமலையும் வாசலில் நிற்கும் பைக்கையும் சேர்த்தே எடுக்கும். சாதாரண டைனமிக் மைக் இரண்டு போதும். மிச்சப்படும் பணத்தில் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு வாங்கலாம். டிரான்ஸ்மிட்டர், கணினி, மிக்ஸர் எல்லாம் சேர்த்து 500 வாட் என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். புயல் நாளில் கரண்ட் போன பிறகுதான் ஊர் ரேடியோவைத் தேடும்.

வருமானத் திட்டம் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்ததே, அதையும் படித்தோம். மாலை 6 மணி நேரத்தை ஒரு விளம்பர நிறுவனத்துக்குக் குத்தகை விடலாமாம். மத்திய அரசோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: அனுமதியை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரைதான். சொந்தச் செய்தி கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். திரைப்பாட்டால் நேரத்தை நிரப்பலாம் என்ற யோசனைக்கு, பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை என்பதை நினைவூட்டுகிறோம். ‘புதிய கட்டட மாடிக்கே கோபுரத்தை மாற்றிவிட்டால் எர்த் செலவு மிச்சம்’ என்று எழுதியவருக்குத் தனி வணக்கம். அலைவரிசை அனுமதி அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக்குக் கொடுத்தது. இடம் மாறினால் அனுமதிப் படலம் மறுபடி முதலிலிருந்து. அங்கே மட்டும் இடி விழாதா என்ன?

2024 பிப்ரவரியில், சமுதாய வானொலிகளுக்கு அரசு தன் விளம்பரங்களுக்காகத் தரும் கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. மாதம் முழுதுமாக 30 நிமிடம் கிடைத்தாலும் 13,320 ரூபாய். ஒரு டெக்னீஷியன் சம்பளத்துக்கே இழுபறி. சின்ன நிலையங்களை ஊரின் குரல் என்று மேடையில் பாராட்டுகிறவர்கள், அந்தக் குரலுக்கு மாதம் எவ்வளவு கரண்ட் பில் என்று கேட்டதில்லை. அது டெல்லியோடு பேச வேண்டிய பேச்சு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்.

இரண்டாவது ஸ்டூடியோவைத் தள்ளிவைத்து, எர்த்துக்கும் கேபிளுக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். தை பிறப்பதற்குள் பணியாணை கொடுத்தால், மாசி முடிவதற்குள் உங்கள் கண் முன்னாலேயே டெஸ்டரை வைத்து அளந்து காட்டுகிறோம். தயவுசெய்து இந்த ஒன்றைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும்

பி.கு.: சர்ஜ் அரெஸ்டருக்குள் இருக்கும் கேஸ் டியூப் (வாயு அடைத்த சிறு குழாய்) இரண்டு உபரியாக வாங்கவும். பெரிய இடி ஒன்றை வாங்கிய பிறகு அதை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு நிதியாண்டு காத்திருக்க முடியாது.