புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கு: கணினி அனுப்பியது போதும்

அன்புள்ள அண்ணாமார், அக்காமாருக்கு,

லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குக் காசு சேர்க்கும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன், எந்தச் சங்கத்தையும் குறிவைத்து இல்லை. நீங்கள் அனுப்பிய கணினிகள் வந்தன, நாடா வெட்டினோம், படமும் எடுத்து அனுப்பினோம். பிறகு நடப்பதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கணினிக்கூடத்துத் திறப்பு ஒருவரிடம்தான் இருக்கும். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடம் என்றால் திறப்பார்கள், மற்ற நேரம் பூட்டு. மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் யன்னல் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்ப்பதோடு சரி. அதிபரையும் குறை சொல்ல ஏலாது, ஒன்று பழுதானால் இன்வென்ரறி புத்தகத்தோடு மாரடிக்கப் போகிறவர் அவர்தான். விலை கூடின சாமானை யார் கையில் கொடுத்தாலும் பூட்டித்தான் வைப்பார்கள். ஐந்தாம் வகுப்பு வந்தால் புலமைப்பரிசில் பரீட்சை, அந்த வருடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் நான் கேட்பது, பிள்ளை உடைத்தாலும் யாருக்கும் நித்திரை கெடாத சாமான். மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2016இல் பிபிசி பிரித்தானியாவில் உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது, லண்டனில் இருப்பவர்களின் பிள்ளைகளே வீட்டில் வைத்திருப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், முகப்பில் 25 குட்டி விளக்குகள், இரண்டு சின்ன பற்றரியில் ஓடும். நிரலை ஒருதரம் ஏற்றிவிட்டால் அப்புறம் கணினியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இரண்டு ஆணியை வயரால் அதில் தொடுத்து அம்மாவின் மிளகாய்ப் பாத்தியில் குத்தினால், ஈர மண்ணில் மின்சாரம் நன்றாக ஓடும், காய்ந்த மண்ணில் ஓடாது, அது எண்ணாகத் தெரியும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் விளக்கில் அழுமூஞ்சி வரவேண்டும் என்று பிள்ளையே தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். கொஞ்ச நாளில் ஆணி துருப்பிடிக்கும், எண் குழம்பும், ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் புலமைப்பரிசிலில் புள்ளி இல்லை, எனக்கு அதுதான் வேணும்.

பிள்ளைகளுக்கு விண்வெளியைக் காட்ட நீங்கள் அனுப்ப வேண்டியது இன்னும் குறைவு. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத இருட்டு எங்களிடம் இருக்கிறது. வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 பாகையில் இருப்பதால், மரம் மறைக்காத ஒரு குளக்கட்டில் (யானை வராத குளமாகப் பார்த்து) மே மாத இரவில் நின்றால், வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம், திரும்பினால் தெற்கே தென்சிலுவை. லண்டனில் இரண்டாவதைப் பார்க்கவே முடியாது. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் பூமியைச் சுற்றுகிறது, சில நாட்களில் பொழுதுபட்ட கையோடு வெறும் கண்ணுக்கே தெரியும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு ஆள்தான் தேவை.

ஆட்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒட்டுசுட்டானுக்கோ துணுக்காய்க்கோ வர, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, கையில் ஏதோ கொஞ்சம், இவ்வளவையும் ஒரு வருடத்துக்கு யாராவது பொறுப்பெடுங்கள். மைக்ரோபிட் பலகைகள் வைத்த பெட்டி ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கவேண்டாம், அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றட்டும். உடையப்போகும் பலகைகளுக்கும் பற்றரிக்கும் கணக்கில் முதலே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள், பிறகு யாரும் அதிபரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். சங்கத்தின் பெயரைப் பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் ஒட்டலாம், ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஒரு தகப்பன்